இறந்த ஏரி உயிர்க்குமா?

சென்ற தவணையில் ஒரு நாள், அமிலமும் காரமும் பற்றிய பாடத்தின் நடுவே, கனடா நாட்டு ஏரியொன்றின் வண்ணப் படத்தை மாணவர்க்குக் காட்டினேன். 1970களின் நிலையைக் காட்டும் படம் அது. நீலமணியை உருக்கி ஊற்றியது போன்ற நீர். ஆழத்திலே கிடந்த கற்களையும் எண்ணிவிடலாம். "எவ்வளவு தூய்மையான தண்ணீர், சேர்!" என்று வியந்தான் ஒரு மாணவன். "தூய்மைதான், ஆனால் அதனுள்ளே ஒரு மீனும் இல்லை" என்றேன். வகுப்பு ஒரு கணம் அமைதியாயிற்று. பின்னர் அவனே கேட்டான்: "அப்படியானால் அந்த ஏரிக்கு இனி உயிர் வரவே வராதா, சேர்?"

"வரும்" என்று ஒரு சொல்லில் விடை பகர்ந்திருக்கலாம். "வராது" என்றும் கூறியிருக்கலாம். இரண்டும் முழு உண்மை ஆகா. நான் வாய் திறக்குமுன் மணி அடித்துவிட்டது. அவனுக்குத் தரவேண்டிய விடையை, அவன் போன்ற பிறருக்கும் பயன்படும் என்னும் எண்ணத்தால், இங்கே எழுதத் துணிகிறேன்.

கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்தவர் வள்ளுவர். அழிக்கவும் வல்லது, அழிந்தோரை மீட்கவும் வல்லது மழை என்பது அவ்வதிகாரத்துள் அவர் கூறும் கருத்துகளுள் ஒன்று. பெய்யாமையாலும் பெருக்கத்தாலும் வரும் அழிவையே பழந்தமிழர் அறிந்திருந்தனர். அளவோடு, பருவத்தோடு பெய்யும் மழையே நஞ்சாகும் காலமொன்று வரும் என்பதை அவர் எண்ணியிருக்க வழியில்லை. அந்தக் காலம் இயந்திரத் தொழிலோடு வந்தது.

புகையும் மழையும்

மான்செஸ்ரர் நகரம் இங்கிலாந்தின் பருத்தி ஆலைகளுக்குப் பேர்போனது. அந்நகரின் மழைநீரை எடுத்துச் சோதித்த றொபேட் அங்கஸ் சிமித் என்னும் இரசாயன அறிஞர், நகரின் நடுவை அணுக அணுக நீரிலே கந்தகவமிலம் மிகுவதை 1852இல் எடுத்துரைத்தார். இருபது ஆண்டுகள் கழித்து, 1872இல், காற்றையும் மழையையும் பற்றி அவர் எழுதிய பெருநூலில் 'அமில மழை' என்னும் தொடரை ஆண்டார். சொல் பிறந்துவிட்டது, கேட்பார்தாம் இல்லை.

நிலக்கரியும் எண்ணெயும் எரியும்போது அவற்றிலுள்ள கந்தகம் கந்தகவீரொட்சைட்டாகின்றது. உயர்வெப்பத்திலே காற்றின் நைதரசனும் ஒட்சிசனோடு சேர்ந்து வாயுவாகின்றது. இவை வானிலே நீரோடு கூடிக் கந்தகவமிலமாகவும் நைத்திரிக்கமிலமாகவும் மாறி, மழையாகவும் பனியாகவும் இறங்குகின்றன. 1952ஆம் ஆண்டின் இலண்டன் நச்சுப்பனி பல்லாயிரவர் உயிரைக் குடித்த பின்னர், நகரத்தவரின் மூச்சைக் காப்பதற்கு ஆட்சியாளர் பல வழிகளை நாடினர். புகைபோக்கிகளை உயர்த்துவது அவற்றுள் ஒன்று. தன் முற்றத்துக் குப்பையை அயலான் வேலிக்கப்பால் எறிவது போன்ற வழி இது. உயர எழுந்த புகை காற்றோடு ஏகி, எல்லைகளைக் கடந்து, பிறர் நாட்டு மலைகளின்மீது மழையாய்ப் பொழிந்தது.

இதனை உலகுக்கு உரைத்தவர் சுவீடன் நாட்டு மண்ணியல் அறிஞர் சுவாந்தே ஓடேன். அவர் தம் கருத்தை முதலில் மக்கள்முன் வைத்த இடம் ஆய்வேடு அன்று, நாளிதழ். 1967ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில் 'டாகென்ஸ் நீஹேத்தர்' என்னும் சுவீடிய நாளேட்டில் அவர் எழுதிய கட்டுரை, ஐரோப்பிய நாடுகள் ஒன்றன்மேலொன்று இரசாயனப் போர் தொடுத்துள்ளன என்னும் பொருள்பட அமைந்தது. பிரித்தானியாவிலும் நடு ஐரோப்பாவிலும் எழும் புகையே சுவீடன், நோர்வே நாடுகளின் ஏரிகளில் மீனைக் கொல்கின்றது என்றார். பத்திரிகைக் கட்டுரையால் என்ன ஆகும் என்று கேட்போருக்கு இதனை நினைவூட்ட விரும்புகிறேன். ஐந்தாண்டுகளுள், 1972இல், ஸ்ரொக்ஹோமிலே கூடிய ஐக்கிய நாடுகள் மாநாட்டில் சுவீடன் இதனை வழக்காகவே எடுத்துரைத்தது.

ஏரி எவ்வாறு இறக்கின்றது?

அமிலத்தின் அளவைக் குறிக்கப் பீ.எச். என்னும் எண்ணைப் பயன்படுத்துவர். 7 நடுநிலை; அதற்குக் கீழே அமிலம். எண் ஒன்று குறைந்தால் அமிலம் பத்து மடங்கு மிகும். காற்றிலுள்ள காபனீரொட்சைட்டுக் கரைவதால் மாசற்ற மழையும் 5.6 அளவினதாய்ச் சிறிது அமிலத்தன்மை கொண்டதே. 1963இல் அமெரிக்காவின் நியூ ஹம்சயர் மலைக்காட்டிலே, ஹப்பாட் புறூக் என்னும் இடத்தில், ஜீன் லைக்கன்ஸ், ஹேபேட் போர்மன் ஆகியோர் ஆய்வொன்றைத் தொடங்கினர். ஆலையே இல்லாத அந்தக் காட்டில் பெய்த மழையின் அளவு ஏறத்தாழ 4.1 ஆக இருந்தது. இயற்கை மழையினும் முப்பது மடங்கு அமிலம்!

எல்லா ஏரிகளும் இதனால் இறப்பதில்லை. யாழ்ப்பாணத்துக் கிணற்று நீரைக் கொதிக்கவைக்கும் கேத்தலின் அடியிலே வெண்மையாய்ப் படிவதை நாம் அறிவோம். நம் இல்லத்தரசியர் வெறுக்கும் அந்தச் சுண்ணாம்பே நீரின் கவசம். சுண்ணக்கல் நிலத்தில் வீழும் அமிலம் அக்கல்லோடு வினைபுரிந்து வலியிழந்துவிடும். ஆனால் கனடாவின் கேடயப் பாறையும், நோர்வேயின் மலைகளும், ஸ்கொத்லாந்தின் கலோவே மேட்டுநிலமும் கருங்கல். மேலே மெல்லிய மண். அதிலே சிறிதளவு கல்சியமும் மகனீசியமும். ஆண்டாண்டாய்ப் பெய்த அமிலம் அச்சிறிதையும் கரைத்துக்கொண்டு போயிற்று. அது தீர்ந்த பின்னர் மண்ணிலுள்ள அலுமினியம் கரைந்து ஓடைகளில் இறங்கிற்று. அலுமினியம் மீனின் செவுள்களிற் படிந்து, மூச்சையும் உடலின் உப்புச் சமநிலையையும் கெடுக்கும். பனி உருகும் இளவேனிலில், மாதக்கணக்காய்ச் சேர்ந்த அமிலம் முழுதும் சில நாள்களுள் நீரில் இறங்கும். முட்டை பொரித்துக் குஞ்சுகள் வெளிவரும் பருவமும் பலவகை மீன்களுக்கு அதுவே.

ஆகவே ஏரியின் மரணம் ஒருநாளில் நிகழும் கோரக் காட்சி அன்று. கரையில் மீன்கள் செத்து ஒதுங்குவது அரிது. குஞ்சுகள் பிழைப்பதில்லை, முதிர்ந்த மீன்கள் போட்டியின்றிப் பெருக்கின்றன. தூண்டிலிடுவோர், "முன்னரினும் பெரிய மீன் அகப்படுகின்றது" என்று மகிழ்வர். குழந்தை பிறவாத ஊரிலே முதியோர் மட்டும் நல்லுடலோடு உலவுவது போன்ற நிலை அது. சில ஆண்டுகளில் அவர்களும் மறைவர், நீர் பளிங்காகும்.

இந்த முறைமையை ஐயமின்றி நாட்ட விரும்பிய டேவிட் சின்ட்லர் என்னும் அறிஞர் துணிவான சோதனையொன்றைச் செய்தார். வடமேற்கு ஒன்ராறியோவில் ஆய்வுக்கென ஒதுக்கப்பட்ட ஏரிகளுள் 223ஆம் எண் ஏரிக்கு 1976 முதல் சிறிது சிறிதாகக் கந்தகவமிலம் ஊற்றி, 6.8 ஆக இருந்த அளவைச் சில ஆண்டுகளில் 5.0 வரை தாழ்த்தினார். ஏரி ட்ரவுட் என்னும் பெருமீனை அமிலம் நேரே கொல்லுமுன்பே, அளவு 6ஐ நெருங்கிய காலத்திலேயே, அதன் இரை அழியத் தொடங்கிற்று. கூனி போன்ற நுண்ணிறால்களும் கெண்டையினச் சிறுமீன்களும் இல்லாதொழிந்தன. பெருமீன்கள் எலும்பும் தோலுமாய் நலிந்த படங்கள் அறிஞர் உலகை உலுக்கின. நஞ்சுக்கு முன்னரே பஞ்சம் வருகின்றது என்பதே 1985இல் வெளிவந்த அவ்வாய்வு புகட்டிய பாடம். ஆலைக்காரர் 'கேடில்லை' என்று கொண்ட அளவுகளிலேயே கேடு தொடங்கிவிடுகின்றது.

வழக்கும் தீர்ப்பும்

அறிவு வந்தவுடன் அறம் வந்துவிடுவதில்லை. 1979இல் ஜெனீவாவிலே எல்லை கடக்கும் காற்று மாசு பற்றிய உடன்படிக்கை ஒப்பமாயிற்று. 1985இல் ஹெல்சிங்கியில், கந்தகப் புகையை நூற்றுக்கு முப்பது பங்கு குறைப்பதென ஐரோப்பிய நாடுகள் பல உறுதி பூண்டன. பிரித்தானியாவும் அமெரிக்காவும் அதில் ஒப்பமிடவில்லை. மீன் இறந்ததற்கு நிலத்தின் இயல்பே காரணம், காடு வளர்ப்பே காரணம் என்றெல்லாம் வாதிட்டோர் உளர்.

இதற்குச் சான்று கூற வந்தது ஏரியின் அடிச்சேறு. தயற்றம் என்னும் நுண்பாசிகள் கண்ணாடி போன்ற ஓடு உடையவை. ஒவ்வோர் இனமும் தனக்கேற்ற அமில அளவிலேயே வாழும். அவை இறந்து அடியிலே ஆண்டுதோறும் படிந்த சேற்றைப் பனையோலைச் சுவடியைப் புரட்டுவது போல அடுக்கடுக்காக ஆராய்ந்தனர் றிக் பட்டர்பி முதலிய அறிஞர். கலோவே மேட்டு ஏரிகளில் அமிலம் மிகத் தொடங்கியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் என்று அச்சுவடி காட்டியது. ஆயிரமாயிரம் ஆண்டுகளாக அங்கே கிடந்த கருங்கல் அந்த நூற்றாண்டிற் புதிதாக வந்ததா? இல்லை. புதிதாக வந்தது நிலக்கரிப் புகையே. 1986இல் பிரித்தானிய அரசு சில மின்நிலையங்களில் கந்தகத்தை நீக்கும் பொறிகளை அமைக்க இசைந்தது. அமெரிக்காவோ 1990இல் தன் தூய காற்றுச் சட்டத்தைத் திருத்தி, கந்தகப் புகைக்கு உச்சவரம்பு விதித்தது. அவ்வாண்டில் அந்நாட்டு மின்நிலையங்கள் கக்கிய கந்தகவீரொட்சைட்டு ஏறத்தாழ 1 கோடியே 60 இலட்சம் தொன். 2020இல் 10 இலட்சம் தொன்னுக்கும் குறைவு. ஐரோப்பாவிலும் 1980இல் இருந்த அளவிற் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் குறைந்துவிட்டது. மனிதர் கூடி முடிவு செய்தால் மழையையும் திருத்தலாம் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமா?

மழை திருந்தியது; ஏரி?

மாணவனின் வினாவுக்கு இங்கேதான் விடை தொடங்குகின்றது. புகை குறைந்த சில ஆண்டுகளிலேயே மழை தேறிற்று. ஹப்பாட் புறூக்கில் 4.1 ஆக இருந்த அளவு இக்காலத்தில் 5ஐத் தாண்டிவிட்டது. ஆனால் ஓடைகள் அந்த வேகத்தில் தேறவில்லை. இதன் காரணத்தை லைக்கன்ஸும் அவர்தம் துணைவரும் 1996இல் விளக்கினர். பல பதின்ம ஆண்டுகளாக மண்ணின் கல்சியத்தை அமிலம் கரைத்துச் சென்றுவிட்டது. பாறை சிதைந்து அதனை ஈடுசெய்வதோ மிக மெல்ல நிகழ்வது. மேலும், மண்ணிலே முன்னர்ச் சேர்ந்த கந்தகம் இன்னும் கசிந்துகொண்டிருக்கின்றது.

பஞ்ச காலத்தில் பத்தாயத்து விதைநெல்லையும் உண்டு முடித்த குடும்பத்தை எண்ணுக. அடுத்த ஆண்டு மழை பெய்துவிட்டது என்பதால் மட்டும் அவ்வீட்டில் அடுப்பு எரியுமா? விதைக்க நெல் வேண்டும். அந்த மண்ணின் நிலையும் அதுவே. இக்கருத்தைச் சோதிக்க 1999இல் அக்காட்டின் ஒரு நீரேந்து பகுதியில், ஏறத்தாழ 12 ஹெக்டேயர் பரப்பின்மேல், கல்சியம் அடங்கிய கனிப்பொடியை ஹெலிகொப்டர் மூலம் தூவினர். நலிந்திருந்த மேப்பிள் மரங்கள் அங்கே மீண்டும் செழித்தன. மண் பட்ட கடன் உண்மை; அது தீர்க்கக்கூடியது என்பதும் உண்மை.

நோர்டிக் நாட்டவர் நீருக்கே மருந்து கொடுத்தனர். சுவீடன் 1970களின் பிற்பகுதி முதல் அரசு செலவில் ஏரிகளிலும் ஓடைகளிலும் சுண்ணக்கல் மாவு இட்டுவந்தது. அவ்வாறு பேணப்பட்ட ஏரிகள் ஏழாயிரத்துக்கு மேற்பட்டவை. நோர்வேயின் தென்பகுதியில் மண்டால் ஆறு தன் சமன் மீனை முற்றாக இழந்திருந்தது. 1997இல் சுண்ணமிடத் தொடங்கிய பின்னர், சில ஆண்டுகளில் அங்கே தொன் கணக்கில் சமன் பிடிக்கப்பட்டது. எனினும் இது நோயாளிக்கு நாள்தோறும் கொடுக்கும் மாத்திரை போன்றது. புகை நிற்காமல் மருந்தை நிறுத்தினால் நோய் திரும்பும்.

ஒன்பது மீன்கள்

மாணவர்க்கு நான் காட்டிய படம் ஒன்ராறியோ மாகாணத்தின் சட்பெரி நகரைச் சூழ்ந்த நிலப்பகுதியைச் சேர்ந்தது. நிக்கலும் செம்பும் உருக்கும் அந்நகரின் உலைகள் 1960களில் ஆண்டுக்கு 20 இலட்சம் தொன்னுக்கு மேற்பட்ட கந்தகவீரொட்சைட்டைக் கக்கின. நகரைச் சூழ்ந்த குன்றுகள் புல்பூண்டின்றிக் கறுத்தன. 1972இல் 381 மீற்றர் உயரமான புகைபோக்கி எழுந்தது. நகரின் காற்று தேறியது, தொலைவிலுள்ள ஏரிகளின் துயர் தீரவில்லை. அமிலத்தால் தாக்குண்ட ஏரிகள் ஏறத்தாழ ஏழாயிரம் என்பர்.

அந்நகருக்கு வடக்கே நூறு கிலோமீற்றர் அளவிலே வேர்லிகிக், வைற்பைன் என இரு சிற்றேரிகள் உள்ளன. உலகில் வேறெங்குமில்லாத அரோரா ட்ரவுட் என்னும் மீன் அவற்றில் வாழ்ந்தது. நுவரெலியாவின் குளிரோடைகளில் ஆங்கிலேயர் கொணர்ந்து விட்ட ட்ரவுட் மீன்களுக்கு இது உறவுமுறை. வைகறை வானத்தின் நிறம் இதன் விலாவிலே தோன்றுவதால் அப்பெயர் பெற்றது. 1950களில் இதன் குஞ்சுகள் அருகுவதைக் கண்ட சிலர், 1958இல் ஒன்பது மீன்களைப் பிடித்துப் பண்ணையொன்றில் இனம்பெருக்கத் தொடங்கினர். அமிலமே காரணம் என்று அன்று அவர்கள் அறியார். மீன் குறைகின்றது என்பதை மட்டுமே அறிந்தார்கள். 1960களில் இரு ஏரிகளிலும் அம்மீன் இல்லாமற் போயிற்று.

முப்பது ஆண்டுகள் அந்த ஒன்பதின் வழிவந்தவை பண்ணைத் தொட்டியிலே தலைமுறை தலைமுறையாகக் காத்திருந்தன. சட்டத்தின் வற்புறுத்தலால் உலைகளின் புகை 1990களின் நடுப்பகுதிக்குள் பத்தில் ஒன்பது பங்கு குறைந்தது. 1989இல் வேர்லிகிக் ஏரிக்குச் சுண்ணமிட்டு, அடுத்த ஆண்டில் மீன்களை மீள விட்டனர். வைற்பைன் ஏரி மருந்தின்றித் தானாகவே தேறியது. இரண்டிலும் மீன்கள் முட்டையிட்டன, குஞ்சுகள் பிழைத்தன. பேர் தெரியாத சில அலுவலர் 1958இல் "பிறகு பார்க்கலாம்" என்று சோம்பியிருந்தால், ஏரி தேறியிருக்கும். அதற்குரிய மீன் உலகில் இருந்திராது. இச்செய்தியைப் படிக்குந்தோறும் என் மனம் நெகிழ்கின்றது.

சட்பெரி நகரத்தவர் கறுத்த குன்றுகளிலே சுண்ணம் தூவி மரம் நட்டனர். 2022இல் நடப்பட்டது கோடியாவது மரம். அந்த நெடும் புகைபோக்கியும் 2020இல் ஓய்வு பெற்றது.

மனிதர் கைபடாத மீட்சியும் உண்டு. நியூ யோர்க் மாநிலத்து அடிரொண்டாக் மலையில் ஹொனடாகா என்னும் ஏரி உளது. ஏரி நஞ்சான காலத்தில், நிலத்தடி ஊற்றால் அமிலம் தணிந்த சில ஓடைகளிலே ட்ரவுட் மீன்கள் ஒதுங்கி உயிர் காத்தன. நீர் தேறியபின் அவையே இறங்கிவந்து ஏரியை மீண்டும் நிறைத்தன. இதன்படி, ஏரியை மட்டும் காத்தல் போதாது. அதனுள் இறங்கும் பெயரற்ற சிற்றோடைகளையும் காக்கவேண்டும்.

பழைய ஏரியா, புதிய ஏரியா?

மீண்ட ஏரி முன்னைய ஏரிதானா என்பது கடைசி வினா. 223ஆம் ஏரியில் அமிலம் நிறுத்தப்பட்டபின் ட்ரவுட் தேறிற்று. ஆனால் எல்லா ஏரிகளிலும் எல்லா உயிரும் திரும்புவதில்லை. கல்சியம் குன்றிய கனடிய ஏரிகள் பலவற்றில், ஓட்டுக்குக் கல்சியம் மிக வேண்டும் நீர்த்தெள்ளுகள் அருகிவிட்டன. கல்சியம் குறைவாகவே வேண்டும், பசை போர்த்த வேறோர் சிற்றுயிர் அவற்றின் இடத்தைக் கைப்பற்றி வருகின்றது. அமிலம் அகன்றது, அது விட்டுச்சென்ற வறுமை அகலவில்லை.

மற்றொரு மாற்றம் வியப்பானது. மீளும் ஏரிகள் பழுப்பு நிறம் கொள்கின்றன! வட அமெரிக்காவிலும் வட ஐரோப்பாவிலும் ஐந்நூறுக்கு மேற்பட்ட நீர்நிலைகளின் நெடுநாட் கணக்கை ஆராய்ந்து 2007இல் வெளியான ஆய்வு இதனை விளக்கிற்று. அமிலம் மிகுந்திருந்த காலத்தில், உக்கிய இலையின் சாறு மண்ணிலேயே தங்கிவிட்டது. அமிலம் தணியவே, அது மீண்டும் கரைந்து தேநீர் நிறத்தில் ஏரியை அடைகின்றது. இந்நிறத்தைக் கண்டு கவலையுற்றோர் உண்டு; குடிநீர் சுத்திகரிப்போர்க்குச் செலவும் உண்டு. ஆயினும் பெரும்பாலும் அது ஏரியின் பழைய நிறமே. நோயுற்ற காலத்தின் தெளிவை அழகென்று பழகிவிட்ட நம் கண்ணுக்கு, உடல்நலத்தின் நிறம் அழுக்காகத் தோன்றுகின்றது.

அடுத்த தவணை தொடங்கியதும் அந்த மாணவனிடம் இவ்வாறு கூற எண்ணியுள்ளேன்: தம்பி, ஏரி உயிர்க்கும், ஆனால் அதற்கு மூன்று பொறுமை வேண்டும். புகையை நிறுத்தும் பொறுமை முதலாவது; மண் தன் இழப்பை ஈட்டும்வரை காத்திருக்கும் பொறுமை இரண்டாவது; திரும்பி வருவதற்கு உயிர் எங்கேனும் மிஞ்சியிருக்கும்படி காக்கும் பொறுமை மூன்றாவது. கெடுக்க ஒரு தலைமுறை போதும். மீட்க மூன்று வேண்டும்.

ஹப்பாட் புறூக் காட்டிலே 1963இல் மழைநீர் ஏந்தத் தொடங்கிய கலத்தை இன்றும் வாரந்தோறும் எடுத்து அளந்துவருகின்றனர். தொடங்கியவர்களின் மாணவர்க்கு மாணவர் ஆனவர்கள் இன்று அந்நீரை அளக்கின்றார்கள். என் மாணவனிடம் அந்தக் கலத்தின் படத்தையும் காட்டவேண்டும்.